பினாங்கில் பயன்படுத்திப் பார்த்த ஒரு மலிவு விலை டெலி ஜூம்: கேனன் 55-250 எஸ்டிஎம்

கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் கை பழகியவர்கள் அடுத்துத் தேடுவது பெரும்பாலும் தொலைவில் உள்ளதைக் கிட்டக் கொண்டுவரும் ஒரு டெலி ஜூமைத்தான். பினாங்கில் தைப்பூசம் நெருங்க நெருங்க இந்தத் தேடல் இன்னும் கூடும். கடையில் போய் நின்றதும் எல்லாரும் கேட்பது "300 இருக்கா?" என்ற ஒரே கேள்வி. 300 என்பது மில்லிமீட்டரில் லென்ஸின் குவியத் தூரம், நம் பேச்சில் அதன் நீளம்; அது கூடக் கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும். ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் செலவழிக்க முடியாத ஒருவர் அந்தக் கேள்வியில் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி உண்டா, முழு நீளத்தில் படம் தெளிவாக வருகிறதா, எவ்வளவு அருகில் நின்று ஃபோகஸ் செய்ய முடிகிறது ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே அவர் நீளத்தைப் பார்க்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கேனன் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் கேனன் ஈஎஃப்-எஸ் 55-250 மி.மீ. எஃப் 4-5.6 ஐஎஸ் எஸ்டிஎம். பெயரில் உள்ள எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும்; ஐஎஸ் என்பது கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி; எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் மோட்டாரின் வகை.

இது 2013இல் வெளிவந்த லென்ஸ். எடை 375 கிராம். முகப்பில் மாட்டும் ஃபில்டரின் அளவு 58 மி.மீ. நான் இதைப் பொருத்திப் பயன்படுத்துவது கேனன் 200டி கேமராவில். இரண்டையும் சேர்த்துத் தூக்கினாலும் ஒரு கிலோவை எட்டாது என்பதால், தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் கழுத்தில் தொங்கவிட்டபடியே ஏறிவிடலாம். கேனனின் சிறிய சென்சார் கேமராக்களில் 1.6 என்ற பெருக்கல் கணக்கு உண்டு. அதன்படி இந்த லென்ஸ், முழுச் சட்டக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ளது) 88 முதல் 400 மி.மீ. வரை தரும் பார்வைக் கோணத்தைத் தருகிறது. 6டி, 5டி போன்ற முழுச் சட்டக் கேமராக்களில் இதை மாட்டவே முடியாது. அவற்றை வைத்திருப்பவர்கள் இந்தப் பரிந்துரையைத் தங்களுக்கானதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"அண்ணே, 75-300 இதைவிட நீளம், விலையும் கம்மி. அப்புறம் ஏன் 250 வாங்கச் சொல்றீங்க?" என்று கோயில் இளைஞர் பிரிவில் படம் எடுக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். பத்து மீட்டர் தொலைவில் உள்ள ஒரு கிளையை 250 மி.மீ.இல் எடுத்தால் படத்தின் அகலத்தில் ஏறக்குறைய 89 செ.மீ. இடம் அடங்கும். 300 மி.மீ.இல் எடுத்தால் 74 செ.மீ. அடங்கும். அந்தக் கிளையில் 11 செ.மீ. நீளமுள்ள ஒரு தேன்சிட்டு உட்கார்ந்திருந்தால், முதல் படத்தில் அது அகலத்தில் எட்டில் ஒரு பங்காகவும் இரண்டாவது படத்தில் ஏழில் ஒரு பங்காகவும் தெரியும். நாம் ஆசைப்பட்டுக் கேட்கும் அந்த 50 மி.மீ.இன் மதிப்பு அவ்வளவுதான். 200டி தரும் 24 மெகாபிக்சல் படத்தின் ஓரங்களை வெட்டி 300 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்தாலும் 16 மெகாபிக்சலுக்கு மேல் மிஞ்சுகிறது. ஏ4 தாளில் அச்சிட அது தாராளம். வெட்டுவதற்குத் தகுதியான தெளிவு மூலப் படத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த நிபந்தனையில்தான் இரண்டு லென்ஸ்களும் பிரிகின்றன.

கேனன் 75-300 மூன்றாம் பதிப்பு 1999ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஐஎஸ் வசதி கிடையாது. 300 மி.மீ.க்குப் போகும்போது படம் மென்மையாகிவிடும் என்பதும், வானத்துக்கு எதிரே உள்ள இலை விளிம்புகளில் ஊதா நிறக் கோடு விழும் என்பதும் அந்த லென்ஸைப் பற்றிப் பரவலாக அறியப்பட்ட குறைகள். ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த தொலைவில் அதனால் ஃபோகஸ் செய்ய முடியாது. இருந்தும், இரண்டு லென்ஸ் சேர்ந்த கட்டாக விற்கும்போது பெட்டிக்குள் இரண்டாவதாக இருப்பது பல வேளைகளில் இதுவே. நீளம் ஒன்றையே பார்த்து வாங்குபவர் கடைசியில் வந்து சேரும் இடமும் இதுதான்.

கை நடுக்கத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் நம் ஊர் வெளிச்சம். வெயில் கொளுத்தும் நாடு என்பதால் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை என்று தோன்றலாம். ஆனால் நாம் டெலி லென்ஸைத் திருப்பும் இடங்கள் பெரும்பாலும் நிழலானவை: மலையடிவாரக் காடு, கோயில் மண்டபம், மழைக்கு முந்திய மாலை. பழைய கணக்கு ஒன்று உண்டு. 400 மி.மீ.க்குச் சமமான கோணத்தில் கையில் பிடித்து எடுத்தால், ஷட்டர் வேகம் வினாடியில் 400இல் ஒரு பங்காகவாவது இருக்க வேண்டும். இந்த லென்ஸின் ஐஎஸ் மூன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரட்டிப்பாவது) ஈடுகட்டும் என்று கேனன் குறிப்பிடுகிறது; காகிதக் கணக்கில் அது 40இல் ஒரு பங்கு வினாடியையும் சற்றுத் தாண்டும். நான் அந்த எல்லை வரை நம்பிப் போவதில்லை. 80இல் ஒரு பங்கு வினாடியில் நின்று, மூச்சைப் பிடித்து, அடுத்தடுத்து மூன்று நான்கு படங்கள் எடுத்தால் அவற்றில் பெரும்பாலானவை தெளிவாக வருகின்றன. லென்ஸுக்குள் இருக்கும் உணரிகள் கையின் அசைவை அறிந்து, ஒரு கண்ணாடித் தொகுதியை எதிர்த்திசையில் நகர்த்துகின்றன. ஷட்டரைப் பாதி அழுத்தியதும் வியூஃபைண்டரில் ஆடிக்கொண்டிருந்த காட்சி சட்டென்று நிலைகொள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

1884இல் தொடங்கப்பட்ட பினாங்கு தாவரவியல் பூங்காவில் இதன் அருமை தெரியும். அங்கே லோத்தோங் எனப்படும் இலைக்குரங்குகள் மரத்தின் நடுக்கொப்பில்தான் உட்கார்ந்திருக்கும். அடர்ந்த இலைகளுக்குக் கீழே வெளிச்சம் பாதிக்குமேல் செத்துப்போயிருக்கும். சாம்பல் நிறத் தாயின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் காட்சியை 250 மி.மீ., எஃப் 5.6, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600, 100இல் ஒரு பங்கு வினாடி என்ற அமைப்பில் எடுத்தேன். கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கியபோது, தாயின் கண்களைச் சுற்றியுள்ள வெள்ளை வளையத்தில் மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. குட்டியின் விரல்கள் தாயின் ரோமத்தைப் பற்றியிருந்த இடத்தில் ரோமம் அழுந்தியிருந்ததும் தெரிந்தது. ஐஎஸ் இல்லாத லென்ஸில் இதே படத்துக்கு 500இல் ஒரு பங்கு வினாடி வேண்டியிருந்திருக்கும். அதற்கு ஐஎஸ்ஓவை 8000 வரை ஏற்ற வேண்டும்; அந்த அளவில் 200டி கேமரா நுண்விவரங்களை விழுங்கிவிடும்.

படத்தின் தரத்தைப் பொறுத்தவரை, இந்த விலையில் இவ்வளவு கிடைப்பது மனநிறைவைத் தருகிறது. முழு நீளத்தில், அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துளையை, முழுவதும் திறந்து வைத்தே நடுப்பகுதி கூர்மையாக இருக்கிறது. மூலைகளில் சற்றுத் தளர்வு உண்டு. எஃப் 8க்கு மூடினால் அதுவும் சீராகிறது. நிறக் கோடுகள் அரிதாகவே எட்டிப்பார்க்கின்றன. பின்னணி மங்கலைப் பற்றி மட்டும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பின்னால் தொலைவில் பச்சை இலைகள் இருந்தால் அழகாகக் கரையும். பக்கத்திலேயே குச்சிகளும் கம்பிகளும் இருந்தால் அவை இரட்டைக் கோடாகத் தெரிந்து கண்ணை உறுத்தும்.

அருகில் நின்று எடுப்பதில் இந்த லென்ஸ் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 85 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யலாம். உச்ச உருப்பெருக்கம் 0.29 மடங்கு. அதாவது எட்டு செ.மீ.க்குச் சற்றுக் குறைவான அகலமுள்ள ஒரு பொருள் படத்தை முழுவதும் நிரப்பும். தெலுக் பஹாங்கில் உள்ள என்டோபியா, முன்பு பினாங்கு வண்ணத்துப்பூச்சிப் பண்ணை என்று அறியப்பட்ட இடம், இதைச் சோதித்துப் பார்க்க மிகப் பொருத்தமானது. மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக் சிறகை விரித்தால் 15 செ.மீ.க்கு மேல் வரும் என்பதால், அதை எடுக்கக் கடைசி எல்லை வரை நெருங்க வேண்டிய தேவையே இல்லை. பூச்சி மிரளாத தொலைவில் நின்றுகொண்டு, கறுப்புச் சிறகில் வரிசையாக அமைந்த பச்சை முக்கோணங்களைச் சட்டம் நிறைய எடுக்கலாம். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கி நேரே உள்ளே போனால் முகப்புக் கண்ணாடி ஆவி படிந்து மூடிவிடும். பையைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளியே வைத்திருந்தால் போதும். துணியால் துடைத்துக்கொண்டே இருப்பது வீண் வேலை.

இனி தைப்பூசம். பினாங்கு வீதியின் கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தையும், 2017 முதல் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து மலைக் கோயிலுக்குப் போகும் தங்க ரதத்தையும் எடுக்க விரும்புகிறவர்கள் தம்மிடம் இரண்டு வகை வெளிச்சம் உண்டு என்பதை முன்கூட்டியே மனத்தில் கொள்ள வேண்டும். பகலில், ரதத்துக்கு முன்னால் சிதறு தேங்காய் உடைக்கும்போது, எதிர்ச்சாரி நடைபாதையில் நின்று 135 மி.மீ. அளவில் 1000இல் ஒரு பங்கு வினாடி வைத்தால், ஓடு பிளந்து நீர் தெறிக்கும் துளிகள் ஒவ்வொன்றும் காற்றில் நிற்கும். கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு நுழையாமல், காவடி எடுப்பவரின் முகத்தை மட்டும் தனியே பிரித்தெடுப்பதற்கும் இந்த நீளம் தோதானது. பக்திப் பரவசத்தில் இருப்பவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாமல் விலகி நிற்க முடிகிறது என்பதை நான் படத்தின் தரத்தைவிட உயர்வாக மதிக்கிறேன்.

விடியலுக்கு முன்னும் இரவிலும் கதை வேறு. ஐஎஸ் நம் கையின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், ஆடுகிறவரை நிறுத்தாது. உறுமி மேளத்துக்கு ஆடிவரும் காவடியைத் தெரு விளக்கில் எடுக்க எஃப் 5.6 போதவே போதாது. ஐஎஸ்ஓ 6400இல்கூட ஷட்டர் வேகம் 60இல் ஒரு பங்கு வினாடியைத் தாண்டாத இடங்கள் அந்தப் பாதையில் நிறைய உண்டு. முகம் இழுபட்டுத்தான் வரும். அந்த நேரத்தில் இந்த லென்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு 50 மி.மீ. எஃப் 1.8ஐ எடுத்து மாட்டுவதே அறிவுடைமை. அது 160 கிராம் எடையுள்ள சின்ன லென்ஸ்; எஃப் 5.6ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். நெருங்கிப் போக வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எந்த மலிவு டெலி ஜூமாலும் தீர்க்க முடியாத ஒரு குறையை இன்னொரு மலிவு டெலி ஜூம் வாங்கித் தீர்க்க முயல்வதில் பணம்தான் விரயமாகும்.

ஃபோகஸ் வேகத்தைப் பற்றி இரண்டு சொல். எஸ்டிஎம் என்பது ஸ்டெப்பிங் மோட்டார். சத்தமின்றி, வழுக்கிக்கொண்டு போவதுபோல் இயங்கும். காணொளி எடுப்பவர்களுக்கு இது பெரிய வரம், ஏனென்றால் மேளச் சத்தம் இல்லாத திருமண மண்டபத்தில்கூட லென்ஸின் ஓசை ஒலிப்பதிவில் விழுவதில்லை. வெயிலில் நிற்பவற்றையும் நடப்பவற்றையும் தட்டுத் தடங்கலின்றிப் பிடிக்கிறது. ஜெலுத்தோங் கடற்கரைப் பக்கம் மீன்பிடிப் படகுகளைச் சுற்றி வட்டமிடும் செம்பருந்து நேர்ப்பக்கமாகக் கடந்து போனால் பிடித்துவிடும். நம்மை நோக்கிச் சரிந்து வந்தால் பாதிக்கு மேற்பட்ட படங்களில் கூர்மை சிறகு நுனியில் போய் விழுகிறது. பறக்கும் பறவைகளையே முதன்மையாக எடுக்க நினைப்பவருக்கு இந்த விலை வரம்புக்குள் எதுவும் முழு நிறைவு தராது.

உடலமைப்பு எளிமையானது. கேமராவில் பொருந்தும் வளையமும் பிளாஸ்டிக்கால் ஆனதே. கவனமாகக் கையாள்பவருக்கு அதனால் தொல்லை வராது. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் உருளவிடுபவருக்கு வரும். ஃபோகஸ் வளையம் மின்சாரத்தால் இயங்குவது என்பதால், கேமரா அணைந்திருக்கும்போது அதைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. ஃபோகஸ் செய்யும்போது முகப்பு சுழலாது; திருப்பி ஒரு கோணத்தில் நிறுத்த வேண்டிய போலரைசர் ஃபில்டர் போடுபவர்களுக்கு இது மிகவும் உதவும். ஈடி-63 என்ற ஒளித்தடுப்பு மூடியைப் பெட்டிக்குள் கொடுப்பதில்லை, தனியாக வாங்க வேண்டும். அவசியம் வாங்குங்கள். பக்கவாட்டு வெயிலில் படம் வெளிறாமல் காப்பதோடு, கூட்டத்தில் யாராவது இடித்தால் முதல் அடியையும் அதுவே வாங்கிக்கொள்ளும்.

வேறு கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். நிக்கானில் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 எஃப் 4.5-6.3 என்ற லென்ஸ் 2016இல் வந்தது. 415 கிராம் எடை, அருமையான தெளிவு. ஆனால் அதில் விஆர் (நிக்கானின் நடுக்கத் தடுப்பு) உள்ளது, விஆர் இல்லாதது என்று இரண்டு வகைகள் இருக்கின்றன. தோற்றத்தில் அண்ணன் தம்பி போலவே இருக்கும். குழலின் மேல் விஆர் என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள், ஏனென்றால் அதை இயக்கவும் அணைக்கவும் லென்ஸில் தனிச் சுவிட்சு கிடையாது, எல்லாமே கேமரா மெனுவில்தான். டி90, டி3100 போன்ற பழைய கேமராக்களில் இந்த வகை லென்ஸ் ஃபோகஸே செய்யாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சோனியில் 55-210 இருக்கிறது. 345 கிராம், நடுக்கத் தடுப்பு உண்டு, பயணத்துக்கு ஏற்றது.

கேனனின் புதிய ஆர் வரிசைக் கேமராக்களுக்கு மாறியவர்கள் 55-250 எஸ்டிஎம்மை அடாப்டர் மூலம் அப்படியே தொடர்ந்து பயன்படுத்தலாம். அந்த வரிசைக்கென்றே 2023இல் வந்த ஆர்எஃப்-எஸ் 55-210 வெறும் 270 கிராம்தான். ஆனால் முழு நீளத்தில் எஃப் 7.1 ஆகிவிடுவது நிழலில் வலிக்கும். 2025இல் வந்த ஆர்எஃப் 75-300ஐ நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதில் ஐஎஸ் இல்லை. அதை வாங்க நினைக்கும் பலர் வைத்திருக்கும் ஆர்100, ஆர்50 கேமராக்களின் உடலிலும் சென்சாரை நிலைநிறுத்தும் வசதி இல்லை. ஆக, 480 மி.மீ.க்குச் சமமான கோணத்தில் புகைப்படம் எடுக்கும்போது கையைத் தவிர வேறு துணை கிடையாது.

பழையதாக வாங்குவதே புத்திசாலித்தனம் என்பேன். ஜார்ஜ் டவுனிலும் கோலாலம்பூரிலும் உள்ள பழைய கேமராக் கடைகளில், நல்ல நிலையில் உள்ள 55-250 எஸ்டிஎம் நான் பார்த்தவரை ஆயிரம் ரிங்கிட்டில் பாதியைச் சுற்றியே இருக்கிறது. மிச்சப் பணத்தில் மேலே சொன்ன 50 மி.மீ. லென்ஸையும் பழையதாகவே வாங்கிவிட முடியும். பெயர்க் குழப்பத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். 2007இல் ஒரு 55-250 ஐஎஸ் வந்தது. 2011இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அதற்குப் பிறகே எஸ்டிஎம். முந்தைய இரண்டிலும் மோட்டார் இரையும், ஃபோகஸ் செய்யும்போது முகப்பு சுழலும், அருகில் ஃபோகஸ் செய்யும் எல்லையும் 1.1 மீட்டர். ஒரு கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி இரண்டாம் பதிப்பை எஸ்டிஎம் விலைக்கே என் முன்னால் எடுத்து வைத்தார்கள். எல்லாம் ஒன்றன்று. எஸ்டிஎம் என்ற எழுத்துகளைக் குழலில் உங்கள் கண்ணாலேயே தேடிப் பார்த்துவிடுங்கள்.

கையில் வாங்கியதும் முதல் வேலை, கைப்பேசி விளக்கைப் பின்பக்கக் கண்ணாடி வழியாகச் சாய்வாக அடித்து முகப்பு வழியே பார்ப்பது. தூசித் துகள்கள் சில தெரிந்தால் கவலை வேண்டாம். சிலந்தி நூல்போல் கிளைவிட்டுப் படர்ந்த இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது வளர்ந்துகொண்டேதான் போகும், கண்ணாடியின் மேற்பூச்சையும் அரித்துவிடும். அடுத்து, கடை வாசலில் நின்று எதிர்ச்சாரிக் கடையின் பெயர்ப்பலகையை 250 மி.மீ., எஃப் 5.6இல் எடுத்து, கேமராத் திரையில் பெரிதாக்கி இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவில் மென்மையாக இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் கலங்கியிருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கிறது, உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. பிறகு ஐஎஸ் சுவிட்சைப் போட்டும் அணைத்தும் 50இல் ஒரு பங்கு வினாடியில் சில படங்கள் எடுங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும். முன்குழல் நீண்டிருக்கும்போது இலேசாக ஆடுவது இந்த லென்ஸின் இயல்பு, அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

புதிதாகவே வேண்டும் என்பவர்கள் மலேசிய உத்தரவாதம் உள்ளதா, ஏபி செட்டா என்று பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஏபி செட் என்றால் அதிகாரபூர்வ முகவர் வழியாக வராத சரக்கு; பழுதுபார்ப்பு கடைக்காரரின் பொறுப்பு, கேனன் சேவை மையத்தின் பொறுப்பன்று. விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் உத்தரவாதம் உள்ளதையே எடுங்கள். பழையது வாங்குபவர்கள், ஒரு வாரத்துக்குள் குறை தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குத் தயங்க மாட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு லென்ஸைத் துணிப் பையிலோ அலமாரியிலோ போட்டு வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடும் ஈரப்பத மானியோடும் வையுங்கள். அளவு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். முள் 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள்.